ஃபிக்ஸ் வந்தும் அளவு பொருந்தாதபோது: செங்கோட்டைப் பகுதியில் ஆர்.டி.கே. கருவியின் பிழைகளை அறிகுறி வழியே கண்டறிந்து நீக்குதல்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரை, வடகரை எனக் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் ஆர்.டி.கே. கருவியைக் (செயற்கைக்கோள் அலைகளைத் திருத்தத்தோடு சேர்த்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டுவது) கொண்டு நிலம் அளப்பவர்களுக்காக இவ்வழிமுறை எழுதப்படுகிறது. ஓரிடத்தில் நிலையாக நின்று திருத்தம் அனுப்பும் பேஸ், புள்ளிக்குப் புள்ளி கொண்டுபோகும் ரோவர் என இரண்டு ரிசீவர்களை வைத்திருப்பவருக்கும், ஒரே ரோவரில் சிம் போட்டு, நிரந்தரமாக நிறுவப்பட்ட கோர்ஸ் நிலையங்களின் திருத்தத்தை இணையம் வழியே பெறுபவருக்கும் இது பயன்படும். திருத்தம் சேர்ந்து துல்லியமான இடம் கிடைத்துவிட்டது என்பதையே திரை ‘ஃபிக்ஸ்’ என்று காட்டும். மேற்கே வானை மறைக்கும் மலை, அதன் அடிவாரமெங்கும் தென்னந்தோப்பு, இரு மாநிலத்துக் கைபேசிக் கோபுரங்களும் கலந்து கிடைக்கும் இடம், பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மை என இந்த வட்டாரத்துக்கென்றே சில இடர்ப்பாடுகள் உள்ளன. கருவியுடன் வரும் கையேட்டில் இவற்றைப் பற்றி எதுவும் இராது.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கன்ட்ரோலரில் (கருவியை இயக்கும் கைத்திரை) ஓர் அமைப்பையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆயத்தொலைவு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒரு புள்ளியின் மீது போலை (ரிசீவரைத் தாங்கும் கம்பு) நிறுத்தி அளந்து, கிழக்கிலும் வடக்கிலும் உயரத்திலும் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறுபாட்டின் அளவே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டு சென்டிமீட்டர் பிழைக்கும் இரண்டு மீட்டர் பிழைக்கும் இருநூறு மீட்டர் பிழைக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. அப்படி ஒரு புள்ளி கையில் இல்லாத ஊரில் வேலை தொடங்குவதாக இருந்தால், முதல் நாளே திறந்த இடத்தில் கான்கிரீட்டில் ஆணி பதித்து, அதன் ஆயத்தொலைவைக் கவனமாகக் கண்டு, அதையே நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சோதனைப் புள்ளியாகக் கொள்ளலாம்.

திரையில் ‘சிங்கிள்’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை

ரிசீவர் வானத்தைப் பார்க்கிறது, ஆனால் திருத்தம் அதற்கு வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள். செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை இருபது, முப்பது என்று இருந்தும் சிங்கிளாகவே நின்றால் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டாம், தொடர்பைப் பாருங்கள். ரேடியோவில் வேலை செய்பவர் பேஸிலும் ரோவரிலும் சேனல், புரோட்டோகால், வேகம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சேனல் சரியாக இருந்தும் புரோட்டோகால் மாறியிருந்தால், ரேடியோ விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், திருத்தம் மட்டும் வராது. தோப்புகளுக்கு நடுவே ரேடியோ அலை வெகுதூரம் செல்லாது. ஆகவே பேஸின் ரேடியோ ஆன்டெனாவைத் தென்னை மட்டைகளுக்கு மேலே உயர்த்தவோ, பேஸையே ஏரிக்கரை போன்ற உயரமான திறந்த இடத்துக்கு மாற்றவோ வேண்டும்.

சிம் வழியாகத் திருத்தம் பெறுபவர், இணையம் இருக்கிறதா, சேவை மையத்தின் இணைய முகவரியும் போர்ட் எண்ணும் சரியா (பல இடங்களில் 2101), பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுகின்றனவா என்று அந்த வரிசையிலேயே பார்க்கவும். ஒரே பயனர் பெயரை இரண்டு கருவிகளில் கொடுத்திருந்தால், ஒன்று உள்ளே வரும்போது மற்றொன்று வெளியே தள்ளப்படுவது உண்டு. ஒரே அலுவலகத்திலிருந்து இரண்டு குழுக்கள் புறப்படும் நாளில் இதை முதலில் விசாரியுங்கள்.

புளியரைக்கு மேலே போகப் போகத் திருத்தம் அறுந்து அறுந்து வருகிறது

எல்லையோரத்தில் மோடம் ஒரு நேரம் இந்தப் பக்கத்துக் கோபுரத்தையும் மறுநேரம் ஆரியங்காவுப் பக்கத்துக் கோபுரத்தையும் பிடிக்கும். மாறும் ஒவ்வொரு முறையும் இணையத் தொடர்பு புதிதாக ஏற்பட வேண்டியிருப்பதால், திருத்தத்தின் வயது (அது கணக்கிடப்பட்டு எத்தனை வினாடி ஆயிற்று என்பது) திரையில் ஏறிக்கொண்டே போகும். இயல்பாக அது ஒன்று அல்லது இரண்டு வினாடியாக இருக்க வேண்டும். ஐந்து வினாடியைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள்; பத்து வினாடியைத் தாண்டிய நிலையில் எடுத்த புள்ளியை மீண்டும் எடுங்கள்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கக் கூடாது; அணைந்திருந்தால் மறுபக்கக் கோபுரத்தைப் பிடித்த கணமே இணையம் நின்றுவிடக்கூடும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் வலுவாக உள்ள நிறுவனத்தின் கோபுரத்தையே நிலையாகப் பிடிக்கும்படி கையால் அமைப்பது பல நேரங்களில் போதும். அப்படியும் அறுந்துகொண்டிருந்தால் சிம்மை நம்பி நேரத்தை வீணாக்காமல், சொந்தப் பேஸும் ரேடியோவும் வைத்து வேலையை முடிப்பதே நல்லது.

இணையம் சீராக இருந்தும் திருத்தம் வராத இன்னொரு நிலையும் உண்டு. ரோவர் இருக்கும் இடத்துக்கென்று ஒரு கற்பனைப் பேஸைக் கணக்கிட்டு அனுப்பும் மவுன்ட் பாயின்ட்டைத் (சேவை மையத்தின் பட்டியலில் உள்ள திருத்த வழி) தேர்ந்தெடுத்திருந்தால், ரோவர் தன் இருப்பிடத்தை ஜி.ஜி.ஏ. வரியாகத் திரும்ப அனுப்பியாக வேண்டும். அந்த அமைப்பு அணைந்திருந்தால் சேவை மையம் காத்துக்கொண்டிருக்கும், உங்களுக்கு எதுவும் வராது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வெவ்வேறு நிலையங்கள் இருப்பதால், எல்லைக் கோட்டை ஒட்டிய நிலத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த வலையமைப்பின் பரப்புக்கு வெளியே போய்விடவும் வாய்ப்பு உண்டு. அப்போது அருகிலுள்ள ஒற்றை நிலையத்தின் மவுன்ட் பாயின்ட்டுக்கு மாறிப் பாருங்கள். ஆனால் அந்த நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.கே. கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் துல்லியம் கிடைமட்டத்தில் எட்டு மில்லிமீட்டரும், அதோடு தொலைவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் ஆகும். முப்பது கிலோமீட்டர் தள்ளிய நிலையம் என்றால் அந்தப் பங்கே மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும்.

‘ஃப்ளோட்’டில் நிற்கிறது, ‘ஃபிக்ஸ்’ ஆகவில்லை

திருத்தம் வருகிறது, ஆனால் செயற்கைக்கோளுக்கும் தனக்கும் இடையே உள்ள அலைகளின் முழு எண்ணிக்கையை ரிசீவரால் உறுதிப்படுத்த முடியவில்லை. இதற்கு மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பேஸ் பேசும் மொழி ரோவருக்குப் புரிகிறதா என்பது. இப்போதைய பேஸ்கள் ஆர்.டி.சி.எம். 3 என்னும் செய்தி வடிவத்தில் ஜி.பி.எஸ்.ஸுக்கு 1074 அல்லது 1077, குளோனாஸுக்கு 1084 அல்லது 1087, கலிலியோவுக்கு 1094 அல்லது 1097, பெய்டோவுக்கு 1124 அல்லது 1127 ஆகிய செய்திகளை அனுப்புகின்றன. பழைய ரோவர் இவற்றைப் படிக்காது. அதற்கு 1004, 1012 என்னும் பழைய செய்திகள் வேண்டும். பேஸின் ஆயத்தொலைவைச் சொல்லும் 1005 அல்லது 1006 செய்தி வராவிட்டால் மற்றவை எல்லாம் வந்தும் பயன் இல்லை. இரு வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைப்பவர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், பேஸ் பார்க்கும் செயற்கைக்கோள்களும் ரோவர் பார்ப்பவையும் ஒன்றாக இல்லாதது. மேக்கரையில் மலையடிவாரத்தில் நிற்கும் ரோவருக்கு மேற்கு வானத்தின் ஒரு பகுதியே தெரியாது. அங்கே திரையில் இருபத்தைந்து கோள்கள் என்று காட்டினாலும், பேஸோடு பொதுவாக உள்ளவை எத்தனை என்பதே கணக்கு. கலிலியோவோ பெய்டோவோ அணைந்திருந்தால் இயக்குங்கள். கோள்கள் போதவில்லை என்பதற்காக மாஸ்க் கோணத்தைப் (அடிவானத்திலிருந்து இந்தக் கோணத்துக்குக் கீழே உள்ள கோள்களைக் கருவி விட்டுவிடும்) பத்துப் பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். அடிவானத்தை ஒட்டிவரும் அலைகள் எண்ணிக்கையைக் கூட்டிப் பிழையையும் கூட்டும். பி.டாப் மதிப்பு (கோள்கள் வானில் எவ்வளவு நன்றாகப் பரவியுள்ளன என்பதைக் காட்டும் எண், குறைவாக இருப்பதே நல்லது) நான்கைத் தாண்டினால் சற்று நேரம் காத்திருப்பதே மேல்.

மூன்றாவது, வானில் உயரத்தே மின்துகள்கள் நிறைந்திருக்கும் அயனி மண்டலம். அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

காலையில் நொடியில் ஃபிக்ஸ், பிற்பகலில் தாமதம், மாலைக்கு மேல் அறவே இல்லை

கருவி பழுதாகிவிட்டதாக எண்ணிப் பலரும் விற்பனையாளரிடம் கொண்டுபோவது இந்த அறிகுறியைப் பார்த்துத்தான். நம் பகுதியில் கருவிக்குப் பழுது இல்லாமலேயே இது நிகழும். பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தையும் தென் கேரளத்தையும் ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் கழகம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இந்த அமைவிடமே காரணம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய அயனி மண்டலத்தில் மின்துகள்களின் அடர்த்தி பிற்பகலில் உச்சத்துக்குச் செல்கிறது. செயற்கைக்கோள் அலை அதன் வழியே வரும்போது தாமதம் ஆகிறது. பேஸுக்கும் ரோவருக்கும் இடையே தொலைவு கூடக் கூட, இரண்டு இடங்களிலும் ஏற்படும் தாமதம் ஒத்துப்போவதில்லை. எனவே ஐந்து கிலோமீட்டரில் சிக்கலின்றி வரும் ஃபிக்ஸ் இருபது கிலோமீட்டரில் பிற்பகலில் தள்ளாடும்.

சூரியன் மறைந்த பிறகு நிகழ்வது இதைவிடக் கடுமையானது. அடர்த்தி குறைந்த குமிழிகள் அயனி மண்டலத்தில் கீழிருந்து மேலெழுகின்றன. அவற்றின் ஊடே வரும் அலை மினுமினுப்பதுபோல் வலுக்கூடியும் குறைந்தும் வந்து, ரிசீவர் பிடித்துவைத்த எண்ணிக்கை அறுந்துபோகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இது அதிகம். சூரியனின் செயல்பாடு 2024-ஐ ஒட்டி உச்சத்தை எட்டியதால், அதைச் சூழ்ந்த ஆண்டுகளில் இத்தொல்லையும் மிகுந்திருக்கிறது.

இதற்குக் கன்ட்ரோலரில் எந்தப் பொத்தானும் இல்லை. நெடுந்தொலைவுக் கோர்ஸ் நிலையத்தை விட்டுவிட்டு, வேலை நடக்கும் ஊரிலேயே பேஸ் வைத்துத் தொலைவைக் குறைக்க வேண்டும். எல்லைக் கல் போன்ற முக்கியமான புள்ளிகளை முற்பகலுக்கு ஒதுக்கி, பிற்பகலில் வரப்பு, வாய்க்கால் விவரங்களை எடுக்கலாம். பேஸ் புள்ளிக்கான நீண்ட நேர நிலைப் பதிவையும் காலையில் தொடங்குங்கள். அந்திக்குப் பின் எடுத்த பதிவு நீண்டதாக இருந்தும் கணக்கில் கழிக்கப்பட நேரலாம்.

மழையைக் குறை சொல்வாரும் உண்டு. குற்றாலச் சாரலோ கனமழையோ இந்த அலைவரிசைகளை உணரும்படி தடுப்பதில்லை. ஆனால் நனைந்த இலை தடுக்கும். ஆகவே மழை நாளில் திறந்த வயலில் வேலை நடக்கும். அதே நாளில் தோப்புக்குள் நடக்காது.

தோப்புக்குள் ஃபிக்ஸ் வருகிறது, ஆனால் இரண்டாம் முறை அளந்தால் வேறு இடம் காட்டுகிறது

இந்த வட்டாரத்தில் வழக்குவரை போகும் தவறு இதிலிருந்துதான் பிறக்கிறது. ஃபிக்ஸ் வராத கருவி யாரையும் ஏமாற்றுவதில்லை. பொய்யான ஃபிக்ஸ் ஏமாற்றும். தென்னை மட்டைகளில் பட்டுச் சிதறியும், அருகிலுள்ள தகரக் கொட்டகை, மோட்டார் அறைச் சுவர், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றில் பட்டுத் திரும்பியும் வரும் அலைகளை வைத்து ரிசீவர் தவறான முழு எண்ணிக்கையைச் சரியென்று முடிவுகட்டிவிடுகிறது. திரையில் பச்சை நிறத்தில் ஃபிக்ஸ் என்றும், துல்லியம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றும் காட்டும். உண்மையில் புள்ளி முப்பது சென்டிமீட்டரோ ஒரு மீட்டருக்கு மேலோ தள்ளியிருக்கும். உயரம் அதைவிடவும் தவறியிருக்கும். திரையில் காட்டும் துல்லியம் ரிசீவர் தன்னைப் பற்றித் தானே செய்துகொண்ட மதிப்பீடு மட்டுமே. எடுத்துக்கொண்ட எண்ணிக்கையே தவறாக இருக்கும்போது அந்த மதிப்பீட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை.

சோதிக்கும் முறை எளிது. புள்ளியை அளந்தபின் ரிசீவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், ஃபிக்ஸை வேண்டுமென்றே கலைத்து, மீண்டும் ஃபிக்ஸ் ஆக விட்டு, அதே புள்ளிக்கு வந்து அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் ஏற்கலாம். தோப்புக்குள் எடுத்த எல்லைக் கல்லுக்கு அரை மணி நேரமாவது கழித்து, கோள்களின் இருப்பு மாறியபின் இன்னொரு முறையும் அளப்பது கட்டாயம் என்று சொல்வேன். ஒரே நிற்பில் பத்து முறை சேமித்து அவற்றின் சராசரியை எடுப்பது இதற்கு ஈடாகாது. தவறான எண்ணிக்கையைப் பத்து முறை சேமித்தாலும் அது தவறாகவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே காற்று பலமாக வீசும்போது மட்டைகள் ஓயாமல் ஆடுவதால், அலை நொடிக்கு நொடி மறைந்து வெளிப்பட்டுப் பொய் ஃபிக்ஸின் வாய்ப்பு மேலும் கூடுகிறது.

இரண்டு அளவுகள் ஒத்துவராத இடத்தில் கருவியோடு போராட வேண்டாம். தோப்புக்கு வெளியே, வானம் முழுதாகத் தெரியும் இடத்தில் ஒன்றையொன்று பார்க்கக்கூடிய இரண்டு புள்ளிகளை ஆர்.டி.கே.யில் எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தொலைவும் அளக்கும் கருவி) கல்லுக்குப் போகலாம். டோட்டல் ஸ்டேஷன் இல்லையென்றால் மூன்று திறந்த புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கல்லுக்கு டேப் பிடித்து, தொலைவுகள் வெட்டும் இடத்தைக் கணக்கிடலாம். இரண்டு தொலைவுகளே இடத்தைத் தந்துவிடும். மூன்றாவது, பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருக்கின்றன

ஒரே அளவு தள்ளியிருப்பது நல்ல செய்தி. புள்ளிகளுக்கிடையே உள்ள உறவு சரியாக இருக்கிறது. எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து மீட்டருக்குள் என்றால், பேஸை இயக்கும்போது அதன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். திருத்தமில்லாமல் தானே கண்ட இடம் சில மீட்டர் தவறியிருக்கும்; நேற்று ஒரு விதமாகவும் இன்று ஒரு விதமாகவும் தவறியிருக்கும். அதனால்தான் இரு நாள் வேலையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. முக்காலியை நேற்று வைத்த அதே ஆணிக்கு மேல் வைத்து, நேற்றைய ஆயத்தொலைவையே கையால் உள்ளிட வேண்டும். ஏற்கெனவே எடுத்துவிட்ட வேலையைத் தூக்கி எறியத் தேவையில்லை: பேஸின் சரியான இடம் தெரிந்ததும், அந்த வேறுபாட்டை எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டிக்கொள்ளலாம்.

அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று வடகிழக்கு நோக்கித் தள்ளியிருந்தால் காலத்தைப் பாருங்கள். இந்திய நிலத்தட்டு உலகளாவிய சட்டகத்தில் ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடகிழக்காக நகர்கிறது. ஆஸ்பாஸ், சி.எஸ்.ஆர்.எஸ். பி.பி.பி. போன்ற இலவசக் கணக்கீட்டுச் சேவைகளுக்கு உங்கள் பதிவை அனுப்பினால் அவை அளந்த நாளுக்குரிய இடத்தைத் தரும்; கோர்ஸ் வலையமைப்போ தான் ஏற்ற ஒரு பழைய தேதிக்குரிய இடத்தைத் தரலாம். இரண்டுமே சரியானவை, ஒரே வேலையில் இரண்டையும் கலப்பதுதான் பிழை. ஒரு வேலைக்கு ஒரே மூலத்தை வைத்துக்கொண்டு, அது எந்தத் தேதிக்குரியது என்பதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

சில நூறு மீட்டர் என்றால் டேட்டம் (ஆயத்தொலைவுக்கு அடிப்படையாகக் கொள்ளும் பூமி வடிவமும் அதன் இருப்பும்) மாறியிருக்கிறது. பழைய நில வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் எலிப்சாய்டு என்னும் பழைய பூமி வடிவத்தைச் சார்ந்தவை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த திறந்த வரிசைத் தாள்கள் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐச் சார்ந்தவை. பழைய தாளில் படித்த ஆயத்தொலைவை அப்படியே கன்ட்ரோலரில் இட்டால் அடுத்த கிராமத்து வயலுக்கு வழிகாட்டும்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால் யு.டி.எம். மண்டலம் தவறு. யு.டி.எம். என்பது பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, மீட்டரில் ஆயத்தொலைவு தரும் முறை. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில் மண்டலம் 43 முடிந்து 44 தொடங்குகிறது. அந்தக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே செல்கிறது. மதுரையும் தூத்துக்குடியும் 44-இல் உள்ளன. செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, எல்லை கடந்தால் புனலூர் ஆகியவை 43-இல் உள்ளன. செங்கோட்டையின் கிழக்கு மதிப்பு 43-இல் சுமார் 7,47,000 மீட்டர் வர வேண்டும். லட்சத்துக்குக் கீழே ஓர் எண் தெரிந்தால், மதுரையில் கடைசியாக வேலை செய்தவர் விட்டுப்போன 44 கன்ட்ரோலரில் அப்படியே இருக்கிறது.

உயரம் மைனஸில் காட்டுகிறது, அல்லது தொண்ணூறு மீட்டர் குறைகிறது

இது கோளாறே அல்ல. ரிசீவர் அளப்பது எலிப்சாய்டு என்னும் கணித வடிவத்திலிருந்து உயரம். நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து உயரம். இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு, அதாவது கடல்மட்டப் பரப்பு, உலகிலேயே மிக ஆழமாக, நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அதன் தாக்கத்தால் தென்காசிப் பகுதியில் கடல்மட்டப் பரப்பு எலிப்சாய்டுக்குக் கீழே தொண்ணூறு மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் நின்றால் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டுவது இயல்பு. கன்ட்ரோலரில் இ.ஜி.எம். 2008 ஜியாய்டுக் கோப்பை ஏற்றி, வேலைக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் எண் சரியாகும். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தோடு ஒப்பிட்டால், மீட்டர்க் கணக்கில் தவறு உண்டா என்று உடனே தெரியும். வாய்க்கால் மட்டம் போன்ற வேலைக்கு அது போதாது. உயரம் உறுதியாகத் தெரிந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து லெவல் கருவியால் மட்டம் கொண்டுவந்து இணைக்க வேண்டும்.

உயரம் மட்டும் இருபது சென்டிமீட்டர் தவறினால் போலின் நீளத்தை 1.8 என்றும் 2.0 என்றும் மாற்றி இட்டிருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டருக்குள் என்றால், ஆன்டெனாவின் அடிப்பகுதி வரையா, அலை மையம் வரையா, சாய்வாக அளந்ததா, நேராக அளந்ததா என்பதில் குழப்பம் இருக்கும்.

ஃபிக்ஸ் சரி, சோதனைப் புள்ளியும் சரி. ஆனால் டேப் அளவோடு பொருந்தவில்லை

வடகரைப் பக்கம் ஒரு தோப்பில் நில உரிமையாளர் கேட்டார்: “தம்பி, டேப் புடிச்சா புலப்படத்துல உள்ளது அப்படியே வருது. உங்க மிஷின் மட்டும் கிலோமீட்டருக்கு ஒரு அடி கூட்டிச் சொல்லுதே, அது எப்படி?” புலப்படம் என்பது அவர் நிலத்துக்கான அரசு அளவைப் படம். கேள்வி மிகவும் நியாயமானது. “அண்ணாச்சி, மிஷினும் சரிதான், டேப்பும் சரிதான், ரெண்டும் வேற வேற தரையில அளக்குது” என்பதே விடை.

யு.டி.எம். தொலைவு என்பது உருண்டையான நிலத்தைத் தட்டையான தாளில் விரித்தபின் கிடைக்கும் தொலைவு. மண்டலம் 43-இன் மைய தீர்க்கரேகை 75 பாகை. அங்கே அளவுகோல் 0.9996. மையத்திலிருந்து விலக விலக அது கூடும். செங்கோட்டை மையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 247 கிலோமீட்டரில் இருப்பதால் இங்கே அது சுமார் 1.00035 ஆகிவிடுகிறது. ஊரின் கடல்மட்ட உயரம் இதில் சிறிதளவைக் குறைக்கும். முடிவில் நிலத்தில் நூறு மீட்டர் இருப்பது யு.டி.எம். கணக்கில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலாகவும், ஒரு கிலோமீட்டர் இருப்பது முப்பத்து மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகவும் தெரியும். பரப்பில் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் சதுர மீட்டர் கூடும். கிழக்கே மதுரையை நெருங்கும்போது இதே வேறுபாடு கிலோமீட்டருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டும்.

புலப்படத்தின் அளவுகள் எல்லாம் நிலத்தில் சங்கிலியும் டேப்பும் பிடித்து எடுத்தவை. ஆகவே கன்ட்ரோலரில் தொலைவுக் காட்சியை ‘கிரிட்’ (தாள் தொலைவு) என்பதிலிருந்து ‘கிரவுண்ட்’ (நிலத் தொலைவு) என்பதற்கு மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஒரே பகுதியில் நெடுநாள் வேலை என்றால் 77 பாகை 15 நிமிடத்தை மையமாக வைத்து உள்ளூர் வீழ்ப்பு (நிலத்தைத் தாளில் தட்டையாக விரிக்கும் முறை) ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அதை அமைத்த விவரத்தைக் கோப்போடு சேர்த்து வைக்காவிட்டால், அடுத்து வருபவர் அந்த எண்களை யு.டி.எம். என்று எண்ணிக்கொள்வார்.

இந்த இடத்தில் பலர் ‘சைட் கேலிப்ரேஷன்’ என்னும் குறுக்கு வழியை எடுக்கிறார்கள். இரண்டு கற்களை அளந்து, புலப்படத்தோடு பொருத்திவிட்டு, பிழை சுழியம் என்று மகிழ்கிறார்கள். அளவுகோலையும் சேர்த்துப் பொருத்த விட்டால் இரண்டு கற்களுக்கு எப்போதுமே பிழை சுழியமாகத்தான் வரும். அவற்றில் ஒன்று இடம் மாறியிருந்தாலும் அப்படியே வரும். நிலத்தைச் சுற்றி நான்கு கற்களாவது வேண்டும். அப்போது மூன்று ஒத்துப்போய் ஒன்று மட்டும் முரண்பட்டால் அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். டிராக்டர் இடித்துச் சாய்ந்த கல்லாக அது இருக்கும் வாய்ப்பு அதிகம். அறுபது சென்டிமீட்டர் நீளக் கல் பத்துப் பாகை சாய்ந்தாலே அதன் தலை பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அத்தகைய கல்லில் பாசியைச் சுரண்டித் தலைக்குறியைத் தேடி அளப்பதை விட, ஒரு பக்கம் மண்ணைத் தோண்டி அடி எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தை அளப்பதே முறை.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிழை திசைமாறித் திசைமாறி வருகிறது

போலின் நீர்மட்டக் குமிழைச் சோதியுங்கள். குமிழை நடுவில் நிறுத்தி, போலை அதன் அச்சிலேயே அரை வட்டம் திருப்புங்கள்; குமிழ் நடுவை விட்டு விலகினால் அது திருத்தப்பட வேண்டியது. அரைப் பாகைச் சாய்வு இரண்டு மீட்டர்ப் போலில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டராகிவிடும். சாய்வைத் தானே கணக்கிடும் வசதியுள்ள கருவியிலும் எல்லைக் கல்லுக்குப் போலை நேராக நிறுத்தியே அளப்பது நலம். அந்த வசதியை வாய்க்காலுக்கு அப்பாலுள்ள மூலைக்கும் சுவர் மூலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கருவியில் எல்லாம் சரி. ஆனால் இரு மாநில ஆவணங்களும் பொருந்தவில்லை

மேற்சொன்ன சோதனைகள் அனைத்தும் முடிந்து, இரு முறை அளந்த அளவுகள் ஒத்துப்போய், நான்கு கற்களும் இணங்கியபின்பும் மாநில எல்லையை ஒட்டிய புலத்தில் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கலாம். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதனால் பழைய பத்திரங்களில் அந்தக் காலத்து அளவுகளும் எண்களும் காணப்படும். அவற்றை இப்போதைய புல எண்ணோடு இணைக்கும் ஆவணத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறாமல் கோடு போடாதீர்கள். இங்கே 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அளவை மற்றும் எல்லைகள் சட்டமும், மலைக்கு அப்பால் 1961-ஆம் ஆண்டின் கேரள அளவை மற்றும் எல்லைகள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. எல்லையை வரையறுக்கும் அதிகாரம் அந்தந்தப் பக்கத்து அரசு நில அளவருக்கே உண்டு. தனியார் அளவர் தம் அளவுகளை, பேஸின் ஆயத்தொலைவு, அதன் மூலம், தேதி, மண்டலம், ஜியாய்டு, ஒவ்வொரு கல்லையும் இரு முறை அளந்த நேரம் ஆகியவற்றோடு அறிக்கையாகத் தந்து, நில உரிமையாளரை அளவைக்கு மனுச் செய்யச் சொல்ல வேண்டும். இரு பக்கத்துக்கும் பொதுவான கல் என்றால் இரு பக்கத்து அலுவலர்களும் கூடி நிற்கும் நாளில் அதை மீண்டும் அளந்து காட்ட வேண்டியிருக்கும். அன்று பேஸ் வைக்க வேண்டிய ஆணி, ஏற்கெனவே வைத்த அதே ஆணியாக இருக்கட்டும்.